பெரியம்மாவின் எச்சிலும் மாமாவின் ஐஸ் பெட்டியும்

நிதானமான ஆட்கள் செய்கிற மடத்தனத்துக்கு ஓர் ஒழுங்கு இருக்கும். அவசரக்காரர்கள் கல் தடுக்கி விழுவார்கள். நாங்கள் அப்படி இல்லை. நாள் பார்த்து, தேவையான பொருட்களுக்குப் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் நேரே சரி அடையாளம் இட்டு, அதன் பிறகுதான் போய் விழுவோம். என் வாழ்க்கையின் மிகப் பெரிய அவமானத்துக்கு நான் முதல் நாளே கையுறை, பஞ்சுக் குச்சி, பெயர் எழுதிய ஒட்டுத்தாள், பேனா, அந்தப் பேனா எழுதாவிட்டால் இன்னொரு பேனா எல்லாம் எடுத்து வைத்திருந்தேன். இரண்டு பேனாவும் நன்றாக எழுதின.

அப்போது கொழும்பில் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தேன். பாடம், மனித நோய்களின் மூலக்கூற்று அடிப்படை. இந்த வசனத்தைத் திருகோணமலையில் நான் யாரிடமும் முழுதாகச் சொல்லி முடித்ததில்லை. 'மனித நோய்' வரை வரும்போதே எதிரில் நிற்பவர் சட்டையை உயர்த்தி முதுகில் உள்ள கட்டியைக் காட்டத் தொடங்கிவிடுவார். "நான் டொக்டர் இல்லை" என்றால், "பரவாயில்லை பிள்ளை, சும்மா பாருங்கோ" என்பார். (பார்த்திருக்கிறேன். கட்டிதான்.)

எங்கள் குடும்பத்தில் பல வருடங்களுக்கு முன்பே தீர்ப்பாகி, தண்டனையும் நடந்துகொண்டிருந்த வழக்கு ஒன்று இருந்தது. அம்மாவின் வீட்டில் மூன்று பிள்ளைகள். மூத்தவர் பெரியம்மா, நடுவில் மாமா, கடைசி அம்மா. பெரியம்மாவுக்கு இரண்டு காதும் மந்தம். முகத்துக்கு நேரே நின்று, வாயைத் திறந்து, சத்தமாகச் சொன்னால்தான் விளங்கும். அது பிறவியில் வந்ததில்லை. சின்ன வயதில் நெஞ்சு வருத்தம், அதாவது காசநோய், வந்து, ஆஸ்பத்திரியில் நெடுநாள் கிடந்து, நாள் தவறாமல் ஊசி போட்டுச் சுகமாகி வந்தவர். வந்த கிழமையே மாமா அவரை இறங்குதுறையில் வைத்துக் கடலுக்குள் தள்ளிவிட்டார். (விளையாட்டுக்குத்தான். மாமாவுக்கு அப்போது பல் விழுந்து முளைக்கிற வயது.) அதற்குப் பிறகுதான் பெரியம்மா கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று வீட்டில் கவனித்திருக்கிறார்கள். காதுக்குள் உப்புத்தண்ணி போய்விட்டது, குற்றவாளி மாமா. தீர்ப்பு அவ்வளவுதான். மேன்முறையீடு கிடையாது.

தண்டனை ஞாயிற்றுக்கிழமைகளில் நிறைவேற்றப்படும். பூசை முடிந்து எல்லோரும் எங்கள் வீட்டில்தான் சாப்பிடுவோம். மீன் மாமாவின் பொறுப்பு. அது விலை கூடிய அறுக்குளாவாக இருக்க வேண்டும், ஏனென்றால் பெரியம்மாவுக்கு அறுக்குளா பிடிக்கும். மாமா வள்ளங்களுக்கு ஐஸ் கொடுக்கிறவர். துறைமுகத்தடியிலிருந்து சல்லி, நிலாவெளி வரை அவரைத் தெரியாத வள்ளக்காரர் இல்லை. ஆகவே அவர் மீனுக்கு அலைய வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொரு கிழமையும் சாப்பாட்டுச் செபம் முடிந்ததும் பெரியம்மா தன் பங்குக்கு ஒரு சின்னச் செபம் சொல்வார்: "என்னைச் செவிடாக்கினவன் கொண்டு வந்த மீன்." பிறகுதான் சோற்றில் கை வைப்பார். மாமா தலையைக் குனிந்தபடி சொதியை ஊற்றிக்கொண்டிருப்பார்.

இதற்கிடையில் சில காலமாக இன்னொரு கதையும் ஓடிக்கொண்டிருந்தது. பெரியம்மா ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்து, கொஞ்சம் யோசித்து, "இது அறுக்குளா மாதிரி இல்லை. நாராக் கிடக்குது" என்பார்.

மாமா அவரது முகத்துக்கு நேரே குனிந்து, "அக்கா, காது போனால் நாக்கும் போகும். எல்லாம் ஒரே நரம்பு" என்று கத்துவார். பிறகு என் பக்கம் திரும்பி, "என்ன பிள்ளை, சரிதானே?" என்பார்.

நான் தட்டிலிருந்து தலை நிமிராமல், "நரம்பு வேற வேற மாமா. ஆனால் வயது போகப் போகச் சுவை குறையும்தான்" என்பேன்.

அதாவது, நிபுணர் சாட்சியமும் பெரியம்மாவுக்கு எதிராகவே பதிவாகியிருந்தது.

மூன்றாம் வருடத்தில் ஒரு விரிவுரை. கலத்துக்குள் இருக்கிற இழைமணி என்ற சின்ன உறுப்புக்குத் தனியாக ஒரு டீ.என்.ஏ. உண்டு. அது தாயிடமிருந்து மட்டும்தான் பிள்ளைக்கு வரும். அதில் குறிப்பிட்ட ஓர் இடத்தில் ஓர் எழுத்து மாறியிருந்தால், அந்த ஆளின் காது சில வகை ஊசி மருந்துகளைத் தாங்காது. மற்றவர்களை ஒன்றும் செய்யாத மருந்து அவர்களின் கேட்கும் திறனைக் கெடுத்துவிடும். பாடம் எடுத்த மிஸ் இதைச் சொல்லி அடுத்த படத்துக்குப் போய்விட்டார். நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். நெஞ்சு வருத்தம், நெடுநாள் ஊசி, பிறகு காது. மாமா தள்ளியது நடுவில் வந்து மாட்டிக்கொண்ட ஒரு தள்ளல் மட்டும்தானோ?

அந்த வருடம் ஒவ்வொருவரும் ஒரு சிறு செயற்திட்டம் செய்ய வேண்டியிருந்தது. நான் இதையே எடுத்தேன். மிஸ் சம்மதித்தார். "வீட்டு ஆட்களின்ர மாதிரி எடுத்துக்கொண்டு வாரும். இங்க ஆய்வுகூடத்தில உம்மட மாதிரியையும் கட்டாயம் எடும்" என்றார். நான் 'என் மாதிரி' என்று பட்டியலில் எழுதி, அன்றே என் கன்னத்துக்குள் குச்சியை உரசி, சரி அடையாளமும் இட்டேன். அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று ஒரு நொடி யோசித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் எங்கள் வீட்டு விறாந்தையில் மூன்று கதிரைகள் போட்டேன். கையுறை மாட்டினேன். திருகோணமலைத் தெருக்களில் மாடு மாதிரித் திரிகிற மான்களில் இரண்டு வாசலில் வந்து நின்று பார்த்தன. (ஊர் மான்களுக்கு எல்லா வீட்டு விஷயமும் தெரிய வேண்டும்.) பெரியம்மாவின் கன்னத்துக்குள் பஞ்சுக் குச்சியை விட்டு உரசினேன்.

"பல்லுத் தீட்டி விடுறாளோ?" என்று அவர் அம்மாவிடம் கேட்டார்.

அடுத்தது மாமா. வாயைத் திறக்க முன் என்னைப் பார்த்தார். "பிள்ளை, நான் தள்ளினதாலதானோ இல்லையோ எண்டு இது சொல்லுமோ?"

"சொல்லலாம் மாமா. நிச்சயமா எண்டு இப்ப சொல்ல ஏலாது."

மாமா எப்போதும் பகிடி விடுகிறவர். அன்று விடவில்லை. வாயை அகலத் திறந்து, "ரெண்டு கன்னத்திலயும் நல்லா எடு" என்றார்.

அம்மாவுடையதும் சேர்த்து மூன்று மாதிரிகளும் சின்னக் குழாய்களுக்குள் போயின. குச்சிகள் கொஞ்சம் நீளம். மூடி இறுக்கமாகப் பூட்டவில்லை. பரவாயில்லை என்று ஒட்டும் நாடாவால் சுற்றினேன். அடுத்த நாள் பின்னேரம் கொழும்பு பஸ். அதுவரை குளிரில் வைக்க வேண்டும். பிரிஜ்ஜைத் திறந்தேன். பின்னால் அம்மாவின் குரல் வந்தது.

"அங்க எங்க வைக்கிறாய்?"

"முட்டைத் தட்டுக்குப் பக்கத்தில."

"மூண்டு பேரின்ர எச்சிலை, நான் கறி வைக்கிற இடத்திலயோ?"

"மூடித்தானே இருக்கு அம்மா."

"மூடினாலும் எச்சில் எச்சில்தான். என்ட குசினிக்குள்ள ஏலாது."

அம்மா பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர். கலத்தின் படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கரும்பலகையில் கீறுவார். ஆனால் கரும்பலகை பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. பிரிஜ் எங்கள் குசினியில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தை எந்த விஞ்ஞானமும் கடந்ததில்லை.

"ஏன் சண்டை?" என்றார் மாமா. "என்ட பெட்டியில வை. நாளைக்குப் பின்னேரம் வரைக்கும் ஐஸ் கரையாது."

மாமாவின் ஐஸ் பெட்டி விறாந்தை ஓரத்தில் இருந்தது. மூடியைத் தூக்கினேன். நொறுக்கிய ஐஸ், அதற்குள் சொப்பிங் பையில் வெட்டிச் சுத்தம் செய்த மீன் துண்டுகள். ஞாயிற்றுக்கிழமைக்கான அறுக்குளா. சில காலமாக மாமா மீனை முழுதாகக் கொண்டுவருவதில்லை. "தங்கச்சிக்கு ஏன் கரைச்சல்" என்று வெட்டியே கொண்டுவருவார். எவ்வளவு பாசம் என்று நானும் நினைத்திருக்கிறேன். குழாய்களை ஒரு பைக்குள் போட்டு, பையின் வாயைக் கட்டி, மீனுக்கு மேலே வைத்தேன். 'குளிரில் வைத்தல்', சரி.

மறுநாள் மீனை எடுத்துச் சமைத்தார்கள். சாப்பிட்டோம். பெரியம்மா "நாராக் கிடக்குது" என்றார். நான் பின்னேரம் பையை எடுத்தபோது அதற்குள் இளஞ்சிவப்பாகக் கொஞ்சம் தண்ணீர் நின்றது. நிதானமாகக் குழாய்களை வெளியே எடுத்து, துடைத்து, பெயர்கள் அழியவில்லை என்று உறுதிசெய்து, புதிய பையில் புதிய ஐஸோடு வைத்தேன். 'குழாய்களைத் துடைத்தல்' என்று பட்டியலில் புதிதாக ஒரு வரி சேர்த்து, அதற்கும் சரி இட்டேன்.

கொழும்பில் வேலை அழகாகப் போனது. டீ.என்.ஏ.யைப் பிரித்தெடுத்து, வேண்டிய துண்டைப் பெருக்கி, அதன் எழுத்துகளை வாசிக்கிற இடத்துக்கு அனுப்பினோம். விடைகள் மின்னஞ்சலில் வந்தபோது நான் விடுமுறைக்கு வீட்டில் நின்றேன். நான்கு கோப்புகள். மிஸ் முன்பே சொல்லியிருந்தார்: "வந்தால் திறந்து வையும், நாங்கள் ரெண்டு பேருமா இருந்து பார்ப்பம்." அது நல்ல யோசனை என்று எனக்கும் பட்டது. ஆனால் அடுத்த நாள் ஞாயிறு. எல்லோரும் வருவார்கள். ஒரு மனிதன் சின்ன வயதிலிருந்து சுமந்த பழியை நான் அவர் கண் முன்னாலேயே இறக்கி வைத்தால் எப்படி இருக்கும்? கோப்புகளைத் திறக்காமல் வைத்தேன். சட்டைக்கு இஸ்திரி போட்டேன்.

சாப்பாட்டு மேசைக்கு முன்னால் தொலைக்காட்சி. அதில் என் மடிக்கணினியைத் தொடுத்துத் தந்தவர் பெரியம்மாவின் மகள் மெரீனா அக்கா, நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் வரவேற்பில் வேலை செய்கிறவர். அன்றும் சாப்பாடு அறுக்குளாப் பொரியல். நான் எழுந்து நின்று, மூன்று படங்களோடு இழைமணி பற்றி விளக்கினேன். மாமா கையில் சோற்றை வைத்தபடி கேட்டார். மெரீனா அக்கா ஒவ்வொரு வசனத்தையும் பெரியம்மாவுக்கு முகத்துக்கு நேரே திருப்பிச் சொன்னார். பெரியம்மா ஒரு தரம் மாமாவைப் பார்த்தார், ஒரு தரம் திரையைப் பார்த்தார். அந்தப் பழி போனால் தனக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன மிஞ்சும் என்று அவர் கணக்குப் பார்த்திருக்கலாம்.

"இப்ப பெரியம்மாவின்ர எழுத்துகளை உலகத்தில உள்ள எல்லாப் பதிவுகளோடயும் ஒப்பிட்டுப் பாக்கப்போறன்" என்றேன். தேவையே இல்லாத வேலை. திரையில் பார்க்க அழகாக இருக்கும் என்று சேர்த்திருந்தேன். எழுத்துகளைப் பெட்டிக்குள் ஒட்டி, பொத்தானை அழுத்தினேன். சக்கரம் சுற்றியது. விடை வந்தது. மேலிருந்து கீழ்வரை ஒரே நீண்ட லத்தீன் பெயர். அது மனிதனின் பெயர் இல்லை.

"இது என்ன?" என்றார் அம்மா.

"ஏதோ பிழை" என்று மாமாவின் கோப்பைப் போட்டேன். அதே பெயர். அம்மாவின் கோப்பைப் போட்டேன். அதே பெயர்.

தாய்வழிப் பரம்பரை என்று நான் சொன்னது மட்டும் நிரூபணமாகிவிட்டது. மூவரும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்தான். தாய் யார் என்பதுதான் கேள்வி.

மெரீனா அக்கா தன் கைத்தொலைபேசியில் அந்தப் பெயரைத் தட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு மெல்ல, "மீன் ஒண்டு" என்றார்.

எனக்கு எல்லாம் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தது. பூட்டாத மூடி, பைக்குள் நின்ற இளஞ்சிவப்புத் தண்ணீர், என் சரி அடையாளங்கள். காது சூடாகியது. ஆனால் நான் நிதானமானவள். "மாதிரிகள் மாமாவின்ர ஐஸ் பெட்டிக்குள்ள இருந்தது. மீன் தண்ணி உள்ளுக்குப் போயிருக்கு. இது பெரியம்மாவின்ர டீ.என்.ஏ. இல்லை, அண்டைக்குப் பெட்டிக்குள்ள கிடந்த மீனின்ர டீ.என்.ஏ." என்றேன்.

மாமா எனக்குத் துணை வந்தார். மருமகள் தலைகுனிந்து நிற்பதை அவரால் பார்க்க முடியவில்லை. "ஓம் ஓம், பிள்ளையில பிழை இல்லை. அண்டைக்கு என்ட பெட்டியில அந்த அறுக்குளா மட்டும்தான் கிடந்தது. வேற ஒரு மீனும் இல்லை. புதுப் பெட்டி, அண்டைக்குத்தான் முதல் முதல் மீன் போட்டனான். சத்தியமா."

மெரீனா அக்கா தொலைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "மாமா, இது அறுக்குளா இல்லை" என்றார்.

மாமா பொரியல் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

மெரீனா அக்கா படத்தைப் பெரிதாக்கி, எழுந்து போய், தாயின் முகத்துக்கு முன்னால் பிடித்தார். பெரியம்மா கண்ணாடியை மூக்கில் சரியாக ஏற்றிவிட்டுப் பார்த்தார். அதிக நேரம் எடுக்கவில்லை.

"கட்டா" என்றார்.

கட்டா கெட்ட மீன் இல்லை, விலைதான் மலிவு. கட்டாக் கருவாடு என்றால் நானே இரண்டு பிடி சோறு கூடச் சாப்பிடுவேன். ஆனால் அறுக்குளா என்று சொல்லி, தோலுரித்து, தலை வாலை நீக்கி, அளவாக வெட்டிக் கொண்டுவரப்படுகிற கட்டா வேறு சாதி.

பெரியம்மா தன் தட்டிலிருந்த பொரியலைத் திருப்பிப் பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்தார். "நாரா இருக்கு எண்டு நான் சொன்னனான்."

"அக்கா, அறுக்குளா கிடைக்கிற நாளில அறுக்குளாதான் கொண்டு வாறனான். கிடைக்காத நாளிலதான்..."

மெரீனா அக்கா திருப்பிச் சொல்லும்வரை பெரியம்மா காத்திருக்கவில்லை. உதடுகளிலேயே படித்துவிட்டார். "கிடைச்ச நாள் எப்ப?"

மாமா சொதியை எடுத்து ஊற்றினார். அம்மா என்னைப் பார்த்து, "கொழும்புக்குப் போய் இவ்வளவு செலவழிச்சுப் படிச்சது உன்ட மாமாவைப் பிடிக்கத்தானோ?" என்றார். சிரிப்பு தொடங்கியது. முதலில் மெரீனா அக்கா, பிறகு அம்மா. மாமாவும் அழுகிறவர் மாதிரிச் சிரித்தார். நான் மட்டும் நின்றபடி மடிக்கணினியை மூடப் போனேன். மாமாவை விடுவிக்க வந்து, அவர்மேல் இரண்டாவது வழக்கையும் போட்டாயிற்று. பழைய வழக்கு இருந்த இடத்திலேயே கிடந்தது.

"பொறு" என்றார் பெரியம்மா. "நாங்கள் மூண்டு பேரும் கட்டா. நீ என்ன மீன்?"

பகிடியாகத்தான் கேட்டார். நான்காவது கோப்பை அதுவரை திறக்கவில்லை. அது ஆய்வுகூடத்தில் சுத்தமாக எடுத்த என் சொந்த மாதிரி, ஐஸ் பெட்டியைக் கண்ணால் காணாதது. அதைப் போட்டேன். சக்கரம் சுற்றியது. மனிதர். மேலிருந்து கீழ்வரை மனிதர்.

"இவள் மட்டும் மனிசியாம்" என்றார் அம்மா. "எனக்குப் பிறந்தவளோ தெரியேல்லை."

எனக்குப் பிறந்தவளோ. மிஸ் ஏன் என் மாதிரியை எடுக்கச் சொன்னார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. தாயிடமிருந்து மட்டும் வருகிற டீ.என்.ஏ. அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் மாமாவுக்கும் ஒரே தாய். அம்மாவிடமிருந்து எனக்கு. மூன்று கன்னங்களையும் குடைந்து, பிரிஜ் சண்டை பிடித்து, எச்சிலை மீனோடு பஸ் ஏற்றத் தேவையே இருக்கவில்லை. அவர்களின் விடை முழுவதும் என் வாய்க்குள்ளேயே இருந்தது. அந்த வாயால்தான் இவ்வளவு நேரமும் விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அந்த எழுத்து மாறுகிற இடத்தைத் தேடிப் போனேன். வரிசையை இரண்டு தடவை தவறவிட்டேன். (நிதானம் ஓரளவுக்குத்தான்.) வழக்கமாக எல்லோருக்கும் ஏ இருக்க வேண்டிய இடத்தில் எனக்கு ஜீ இருந்தது.

சிரிப்பு அடங்க நேரம் எடுத்தது. நான் கதிரையில் உட்கார்ந்து, பெரியம்மாவின் முகத்துக்கு நேரே குனிந்து சொன்னேன்: "பெரியம்மா, அந்த எழுத்து எனக்கு மாறியிருக்கு. எனக்கு எண்டால் அம்மாவுக்கும். உங்களுக்கும். இன்னொருக்காச் சரியாச் செய்து பாக்க வேணும். ஆனால் உங்கட காதைக் கெடுத்தது கடல் இல்லை, ஆஸ்பத்திரியில போட்ட ஊசி மருந்து எண்டுதான் நினைக்கிறன். ஊசி போட்ட ஆக்களுக்கு அப்ப இது தெரியாது."

மாமா தட்டில் விரலால் கோடு கீறிக்கொண்டிருந்தார். "அப்ப நான் தள்ளினது?"

"தள்ளினது பிழைதான் மாமா. ஆனால் காது அதால போகேல்லை."

மாமா எழுந்து கை கழுவப் போனார். குழாயில் தண்ணீர் நெடுநேரம் ஓடியது. எல்லோரும் அதைக் கேட்டுக்கொண்டு இருந்தோம், பெரியம்மாவைத் தவிர. ஆனால் அவர் மாமா போன பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்து உட்கார்ந்தபோது மாமாவின் முகம் முழுக்க ஈரம். முகத்தையும் கழுவியிருந்தார்.

பெரியம்மா தன் தட்டிலிருந்த பொரியல் துண்டு ஒன்றை எடுத்து மாமாவின் தட்டில் வைத்தார். "காதை விட்டிட்டன்" என்றார். "மீனை விடமாட்டன்."

பிறகு மிஸ்ஸுக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவர் இடையிடையே இருமினார். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார் என்று பிறகுதான் தெரிந்தது. மாதிரிகளை மறுபடி ஒழுங்காக எடுத்தோம், இந்த முறை ஆய்வுகூடத்தின் குளிர்ப்பெட்டியில். மூவரும் மனிதராக வந்தார்கள், மூவருக்கும் அந்த எழுத்து மாறியிருந்தது. டொக்டரிடம் காட்டினோம். இப்போது எங்கள் வீட்டில் யார் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலில் சொல்வது அந்த ஊசி வகை எங்களுக்கு ஆகாது என்பதைத்தான். நானும் சொல்கிறேன். இவ்வளவு தலைகுனிவுக்குப் பிறகும் அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

பட்டமும் கிடைத்தது. ஆனால் எங்கள் தெருவில் நான் என்ன படித்தேன் என்ற குழப்பம் முற்றாகத் தீர்ந்துவிட்டது. நான் மீன் படித்தவள். சந்தையில் ஏமாந்தோமோ என்று சந்தேகப்படுகிறவர்கள் சொப்பிங் பையோடு வாசலுக்கு வருகிறார்கள். (முதுகுக் கட்டிகளை விட இது பரவாயில்லை.) குடும்ப வட்சப் குழுவுக்கு மெரீனா அக்கா 'கட்டா குடும்பம்' என்று பெயர் வைத்தார். அம்மா மாற்றச் சொன்னார். யாரும் மாற்றவில்லை.

மாமா இப்போது மீனை வெட்டிக் கொண்டுவருவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் முழு அறுக்குளாவை வாலில் பிடித்துத் தூக்கியபடி, தெரு முழுக்கப் பார்க்கத்தான் வருகிறார். போன கிழமையும் அப்படித்தான் வந்து, விறாந்தையில் பெரியம்மாவின் முகத்துக்கு முன்னால் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். தலை, செட்டை, வால் எல்லாம் இருந்தன.

பெரியம்மா மீனைப் பார்க்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, அந்தத் தலை ஒட்டின தலையோ எண்டு ஒருக்காப் பார்."